கேட்காத உதவி

மலை வானிலை நிலையம்
ஜனவரி 11

அன்புள்ள அக்கா,

இங்கே வீட்டில் எல்லோரும் நலம். குளிரில் என் மூக்கு மட்டும் நலமில்லை. அது எந்த வருஷம் நலமாக இருந்தது? அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன மாதக் காற்றில் கீழே இருந்த டவர் சாய்ந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் போனில் ஒரு கோடு வருகிறது, பேச வாயைத் திறந்ததும் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். நீ நர்ஸ் பயிற்சிக்குப் போய் ஹாஸ்டலில் இருந்தபோதுதான் உனக்குக் கடைசியாக எழுதியது. அதிலும் பாதிக்குப் பாதி அப்பாவைப் பற்றிய புகாராக இருந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை ஆறு மணி அளவுகளை எடுத்துவிட்டு நிலையத்து அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் செய்தி வந்தது: சுகாதார அமைச்சர் மீது சபையின் நெறிமுறைக் குழு விசாரணை நடத்தப்போகிறது, மருத்துவமனைக் காத்திருப்போர் பட்டியலில் அவர் தலையிட்டதாகப் புகார் என்று. கூட வேலை பார்ப்பவர் மெதுவாக எழுந்து போய் ரேடியோவை அணைத்தார்.

“எதுக்கு அணைக்கிறீங்க?”

“இல்ல சார், உங்க அக்காவைப் பத்தி...”

“அதனாலதான் சொல்றேன், போடுங்க. முழுசாக் கேப்போம்.”

முழுசாகக் கேட்டோம். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், நீ உடனே ராஜினாமா செய்ய வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அக்கா, செய்யாத தப்புக்கு நீ நாற்காலியை விட்டு எழுந்தால், செய்ததனால்தான் எழுந்தாள் என்று ஆகிவிடும். பதினேழு வருஷம் வார்டில் நின்ற கால்கள் உன்னுடையவை. இன்னும் கொஞ்ச நாள் நில். எவன் என்ன சொன்னாலும் அசையாதே.

சிட்டு லீவுக்கு வந்துவிட்டு நேற்றுதான் கல்லூரிக்குத் திரும்பினாள். மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் வீட்டில் இருந்தால் ரேடியோவே தேவையில்லை. அவள் போனதும் வீடு காது அடைத்த மாதிரி இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுத நேரமில்லை என்றால் ஒரு வரி போதும்.

உன் தம்பி


தலைநகர்
ஜனவரி 24

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சபைக்குப் போகும் வழியில் காரில் படித்தேன். மூக்குக்கு ஆவி பிடி, எண்ணெய் கிண்ணெய் என்று எதையாவது விட்டு வைக்காதே. அத்தான் முழங்காலை மறந்துவிட்டார். காலையில் பத்திரிகைகளை என் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பது இப்போது அவருக்குப் புது வேலை. துணி அலமாரியில் மூன்று நாள் பேப்பரைக் கண்டுபிடித்தேன்.

என் போனையும் உதவியாளர் போனையும் குழு வாங்கி வைத்திருக்கிறது. வக்கீல் யாருடனும் பேச வேண்டாம் என்கிறார். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன் அரசு மருத்துவமனை ஒன்றின் காத்திருப்போர் பட்டியலில் ஒரு நோயாளி, பின்னாலிருந்து முன்னால் கொண்டுவரப்பட்டார். அதற்கு முதல் நாள் என் அலுவலகத்திலிருந்து அங்கே ஒரு போன் போயிருக்கிறது. போன் போனது நிஜம்.

என் உதவியாளரை உனக்குத் தெரியும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு, அதையே தேடுகிற மனுஷர். அவர் ஓய்வு பெற இன்னும் ஒன்றே முக்கால் வருஷம் இருக்கிறது. நேற்று கட்சித் தலைவர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

“ரெண்டு வாரம் வாயைத் திறக்காம இருங்கம்மா. போன் போட்டது நான்தான், அம்மாவுக்குத் தெரியாதுன்னு அவர் எழுதிக் குடுத்துடுவாரு. குழு ஒரு கண்டனம் தெரிவிக்கும். முடிஞ்சுது.”

“அவருக்கு என்ன ஆகும்?”

“அதை நாம பாத்துக்கலாம்.”

வெளியே வந்தபோது உதவியாளர் வராந்தாவில் நின்றிருந்தார். “நான் எழுதிட்டேன்மா, கையெழுத்து மட்டும் பாக்கி” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை.

என் மசோதாவும் பாக்கி. எந்த மருத்துவமனையாக இருந்தாலும் காத்திருப்போர் பட்டியலை எண் வரிசையில் வெளியே ஒட்ட வேண்டும், யார் மாற்றினாலும் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்பதுதான் அது. ஒன்றரை வருஷம் இழுத்துக்கொண்டு வந்து, இப்போதுதான் இரண்டாவது வாசிப்பில் நிற்கிறது. நான் போனால் அதுவும் என்னோடு போகும் என்கிறார்கள்.

சிட்டு எப்படிப் படிக்கிறாள்? வெயிலில் கண் கூசுகிறது என்று முன்பு சொன்னாளே, இப்போது பரவாயில்லையா? சொட்டு மருந்தை விடாமல் போடச் சொல்.

அன்புடன்
அக்கா


மலை வானிலை நிலையம்
பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். ஆவி பிடித்தேன், மூக்கு அடங்கியது, தும்மல் அடங்கவில்லை. சிட்டுவுக்குக் கூச்சமெல்லாம் போய்விட்டது, இப்போது கண்ணாடி கூட இல்லாமல் படிக்கிறாள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். போன மாதம் நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். செய்யாத தப்பு என்று நினைத்து எழுதினேன். நீயோ ‘போன் போனது நிஜம்’ என்கிறாய்.

இங்கே ஆறு வருஷத்துக்கு முன் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர், பாடுவார். ஒரு குளிர்காலத்தில் வெளியே போக மனசில்லாமல் போர்வைக்குள் இருந்தபடியே வெப்ப அளவைப் பதிவேட்டில் எழுதிவிட்டார். முந்தைய நாளைவிட அரை டிகிரி குறைத்து எழுதியிருந்தார், அவ்வளவுதான். அந்த அளவு அனேகமாகச் சரியாகவும் இருந்திருக்கும். ஆனாலும் நான் மேலிடத்துக்கு எழுதினேன். அவர் இடம் மாற்றப்பட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். கண்ணால் பார்க்காததை எழுத ஆரம்பித்தால் பிறகு எதை நம்புவது?

அதனால் கேட்கிறேன். அந்த நோயாளி யார்? கட்சிக்காரன் வீட்டு ஆளாகத்தான் இருக்கும். எவனோ வந்து உன் மேஜைக்கு முன் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பான், நீயும் இளகியிருப்பாய். அப்படியென்றால் விலகிவிடு, அக்கா. அந்தக் கண்ணாடிக்கார மனுஷரைப் பலி கொடுத்துவிட்டு நீ மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்காதே. மசோதா நல்லதுதான். ஆனால் பட்டியலைக் கலைத்தவளே பட்டியலுக்குச் சட்டம் கொண்டுவந்தால் ஊர் சிரிக்கும்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று வருத்தப்படாதே. வேறு யார் உன்னிடம் இதைச் சொல்லப்போகிறார்கள்? அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


தலைநகர்
பிப்ரவரி 19

தம்பிக்கு,

இருவரும் சௌக்கியம். தும்மலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன், பார்சல் வந்ததா?

நீ கேட்டதற்குப் பதில் எழுத முடியவில்லை. நோயாளியின் பெயரைக் குழுவும் வெளியிடவில்லை, நானும் சொல்வதற்கில்லை. இரண்டாம் விசாரணை நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சபைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நீளமான அறை. குழுவில் ஏழு பேர். அதில் இரண்டு பேர் என்னோடு ஒரே வருஷம் சபைக்கு வந்தவர்கள். அன்றைக்கு என்னைப் பார்க்காமல் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாட்சியாக ஒரு தையல்காரம்மாவைக் கூட்டிவந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். பட்டியலில் இரண்டாவதாக இருந்தவர் அவர். அந்த வாரம் மூன்றாவதாகத் தள்ளப்பட்டார். சிகிச்சைக்கு வேண்டியது இரண்டு பேருக்குத்தான் வந்தது. அடுத்தது வர நாலு மாதம் ஆயிற்று. அதற்குள் அவருக்கு முற்றிவிட்டது.

“இப்ப தைக்கிறீங்களா?” என்று குழுத் தலைவர் கேட்டார்.

“கத்தரிக்கிறதுக்கு ஆள் வச்சிருக்கேன். காஜா, பட்டனுக்கும் ஆள்தான். நான் அளவெடுக்கிறேன், கணக்கு எழுதுறேன்.”

“அமைச்சர்கிட்ட ஏதாவது கேக்கணுமா?”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். எனக்கு இடது புறம் கொஞ்சம் தள்ளி, காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினார்.

“கேக்கறதுக்கு என்ன இருக்கு? அன்னிக்கு ஆஸ்பத்திரியில நர்ஸம்மா வந்து, இன்னிக்கு இல்லம்மா, போய்ட்டு வாங்கன்னாங்க. நானும் சரின்னு வந்துட்டேன். பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுது. பரவாயில்லையே, இன்னிக்கு எடமாவது கெடச்சுதேன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அறையில் யாரோ பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

நான் விலக வேண்டுமா என்று நீ தீர்மானமாகச் சொல்லிவிட்டாய். எனக்கு அவ்வளவு தீர்மானம் வரவில்லை. சில நாள் காலையில் ஒன்று தோன்றுகிறது, சாயங்காலம் இன்னொன்று.

பார்த்துக்கொள்.

அக்கா


மலை வானிலை நிலையம்
மார்ச் 2

அக்கா,

நலம். மருந்து வந்தது.

அந்தத் தையல்காரம்மாவைப் பற்றி நீ எழுதியதை சிட்டுவின் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இவள் பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கும் மனசு ஆறவில்லை. அவருக்குப் போனது கையா, கண்ணா, நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. எதுவாக இருந்தால் என்ன, தையல்காரிக்குப் போனது போனதுதான்.

எனக்கு உன் மேல்கூட இவ்வளவு கோபம் இல்லை. அந்த நோயாளியின் வீட்டில் ஒரு ஆம்பளை இருப்பான் இல்லையா, அவன் மேல்தான். அடுத்தவர் இடத்தை வாங்கிக்கொண்டு, எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் இன்றைக்கும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். அவனைக் காப்பாற்றவா நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்? பெயரைச் சொல்லிவிட்டு விலகு. இல்லையென்றால் இதற்கு மேல் என்னிடம் அபிப்பிராயம் கேட்காதே.

இங்கே மூன்று நாளாக மூடுபனி. எதிரே இருக்கும் கம்பம்கூடத் தெரியவில்லை.

தம்பி


கல்லூரி விடுதி
ஏப்ரல் 10

அன்புள்ள அத்தைக்கு,

சிட்டு எழுதுகிறேன். நலமா? மாமா எப்படி இருக்கிறார்? என் கையெழுத்து உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன். இங்கே பேராசிரியர்கள் யாரும் நம்பவில்லை.

அத்தை, சுற்றி வளைக்கத் தெரியவில்லை. நேராகக் கேட்கிறேன். குழுவின் இடைக்கால அறிக்கை போன மாதக் கடைசியில் பேப்பரில் வந்தது. கண் பிரிவு. செப்டம்பர் மாதம். நாற்பத்தொன்றாம் இடத்தில் இருந்த நோயாளி இரண்டாம் இடத்துக்கு வந்தார். என்னுடைய அட்டையில் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. கருவிழி மாற்ற ஒரு வருஷமாவது ஆகும் என்று டாக்டர் சொன்னதும், பிறகு ஒன்பதே நாளில் கூப்பிட்டதும், அம்மா ‘நம்ம நேரம் நல்ல நேரம்’ என்று அழுததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. வலது கண்ணில் வெள்ளையாகப் புகை மாதிரி தெரியும், வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

அந்த நோயாளி நான்தானே?

அப்பாவிடம் கேட்கலாம் என்று போன வாரம் ஊருக்குப் போனேன். கேட்க முடியவில்லை. அவர் உங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. ரேடியோவையும் காணோம், ரிப்பேர் என்றார். சாப்பிடக் கூப்பிட நிலையத்து அறைக்குப் போனபோது, மழை அளவுப் பதிவேட்டுக்குள் பேப்பர் ஒன்று நாலாக மடித்துச் செருகியிருந்தது. அந்த அறிக்கை வந்த பக்கம்தான். மடிப்பு நைந்து போயிருந்தது, அத்தை. ஒரு தடவை இரண்டு தடவை பிரித்ததில் அப்படி நையாது.

அப்பாவுக்கு உங்கள் மேல் கோபமா? உங்களுக்கு அவர் மேல் கோபமா? எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. தயவுசெய்து உண்மையை எழுதுங்கள். நான் குழந்தை இல்லை.

உங்கள்
சிட்டு


தலைநகர்
ஏப்ரல் 17

என் செல்ல சிட்டுவுக்கு,

நானும் மாமாவும் நலம். கையெழுத்து புரிந்தது, டாக்டர்களின் எழுத்தைப் படித்துப் பழகியவள் நான்.

ஆமாம். அது நீதான்.

உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அது உன் நன்மைக்கா, என் வசதிக்கா என்று யோசித்தால் இரண்டும்தான். நீ நேராகக் கேட்டதால் நானும் நேராகச் சொல்கிறேன்.

டாக்டர் ஒரு வருஷம் ஆகும் என்று சொன்ன அன்று மாலை உதவியாளரைக் கூப்பிட்டு, கண் பிரிவுத் தலைவருக்கு லைன் போடச் சொன்னேன். அவர் போட்டார். பேசியது நான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. “டாக்டர், உங்ககிட்ட நாப்பத்தொண்ணுல ஒரு பொண்ணு இருக்கா. என் தம்பி மக. கொஞ்சம் பயந்துபோய் இருக்காங்க, எப்படி இருக்கான்னு சொல்ல முடியுமா?” இவ்வளவுதான் கேட்டேன். முன்னால் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் போடுகிறேன் என்று சொல்லவில்லை. “நான் பாத்துக்கறேன் மேடம்” என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பதினேழு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் போனை வைத்தேன். வைத்ததும் நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

யாருக்கு இடம் போயிற்று என்று அப்போது நான் விசாரிக்கவில்லை. போன பிப்ரவரியில்தான் அந்த அம்மாவை முதல் முறை பார்த்தேன்.

உன் அப்பா என்னிடம் உதவி கேட்டதே இல்லை, சிட்டு. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவராக எழுதும்வரை நான் எழுத மாட்டேன்.

நீ செய்தது எதுவும் இல்லை. உனக்குக் கண் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நன்றாகப் படி. சொட்டு மருந்தை மறக்காதே.

ஆசையுடன்
அத்தை


மலை வானிலை நிலையம்
மே 5

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தானும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சிட்டு உன் கடிதத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டாள். நான் படித்து முடிக்கும்வரை எழவில்லை. அவள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது.

முதலில் ஒன்று: பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நான் எழுதிய இரண்டு கடிதங்களையும் கிழித்துப் போட்டுவிடு. நான் யாரைத் திட்டினேன் என்பதை நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்தது, யோசித்துப் பார்த்தேன், நீ விலகக் கூடாது. உணர்ச்சியில் சொல்லவில்லை. நீ போனால் அந்த மசோதாவை எவன் எடுத்துப் பேசுவான்? அது சட்டமானால் எத்தனை தையல்காரம்மாக்கள் தப்புவார்கள்? ஒரு நிமிஷ போனுக்காக அத்தனையும் வீணாக வேண்டுமா? உதவியாளரும் தாமாகத்தானே எழுதித் தருகிறேன் என்கிறார். அவருக்குப் பிறகு எவ்வளவோ செய்யலாம். இன்னும் ஆறு மாதம் பொறு. மசோதா முடியட்டும். அதன் பிறகு நீயாக விலகினால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

இவள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். “அண்ணிக்கு எழுத எனக்கு வார்த்தை வரல” என்கிறாள்.

உன் தம்பி


தலைநகர்
மே 21

என் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தைக் கண்டதும் அத்தான், “வந்துட்டான்டி” என்று வாசலிலிருந்தே கத்தினார். இரண்டு மாதமாகத் தபால்காரரைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

கடிதங்களைக் கிழிக்கவில்லை. பிப்ரவரியில் நீ எழுதியதுதான் சரி. மே மாதத்தில் எழுதியது பாசம். இரண்டும் எனக்கு வேண்டும். ஆனால் முதலாவதைத்தான் கேட்டு நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் உதவியாளரைக் கூப்பிட்டு, அவர் எழுதிவைத்திருந்த தாளை வாங்கிக்கொண்டேன். “கையெழுத்துப் போட்டுட்டேன்மா” என்றார். “பரவாயில்ல, போட்டதை நான் படிக்கல” என்றேன். மனுஷர் கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டார். விதிப்படி அவருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் வரும் என்கிறார்கள். வேலை இருக்கும்.

பிறகு குழுவின் முன் போய் உட்கார்ந்து, போனில் பேசியது நான், நோயாளி என் தம்பி மகள் என்று சொன்னேன். அவள் பெயரைப் பதிவில் சேர்க்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார்கள். தலைவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

“உங்க தம்பி உங்ககிட்ட உதவி கேட்டாரா?”

“இல்ல” என்றேன். “அவர் கேக்கல.”

எழுதிக்கொண்டார்கள்.

மசோதாவுக்கு நீ பயந்ததுதான் நடந்தது. புது அமைச்சர் அதைத் துணைக்குழுவுக்கு அனுப்பிவிட்டார். அங்கே போனது எதுவும் சீக்கிரம் வராது. நான் இன்னும் சபை உறுப்பினர்தான். கடைசி வரிசையில் இடம் தந்திருக்கிறார்கள், தூணுக்குப் பின்னால். வாரம் ஒரு தடவை எழுந்து, அந்த மசோதா என்ன ஆயிற்று என்று கேட்கப்போகிறேன். நேற்று முதல் தடவை கேட்டேன். “பரிசீலனையில் இருக்கிறது” என்றார்கள். யாரோ சிரித்தார்கள். ஊர் சிரிக்கும் என்று நீ எழுதியிருந்தாய். சிரித்தால் ஒன்றும் ஆகிவிடுவதில்லை என்று தெரிந்தது.

தையல்காரம்மாவின் இன்னொரு கண்ணும் பட்டியலில் இருக்கிறதாம், எட்டாவதாக. இதைக் கேட்ட அன்று கை தானாகப் போனுக்குப் போயிற்று. எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உன்னிடம்தான் சொல்ல முடியும்.

சிட்டுவின் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். வார்த்தை வராவிட்டால் வெறும் தாளையாவது அனுப்பட்டும்.

அக்கா


மலை வானிலை நிலையம்
ஜூன் 14

அன்புள்ள அக்கா,

இங்கே மழை தொடங்கிவிட்டது. எல்லோரும் நலம். நீ இனி அமைச்சர் இல்லை என்று ரேடியோவில் கேட்டபோது நான் அழவில்லை, இவள்தான் அழுதாள் என்று எழுத நினைத்தேன். இரண்டு பேரும்தான்.

சிட்டு யாரிடமும் சொல்லாமல் அந்தத் தையல்காரம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் கடை. சிட்டு போனபோது அந்த அம்மா ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாராம். அந்தப் பிள்ளை போகும்வரை காத்திருந்து, தான் யார் என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

“எந்தக் கண்ணு?”

“வலது.”

“நல்லாத் தெரியுதா?”

“தெரியுது.”

“உன்னைப் பாத்தா எனக்குக் கோபம் வரும்னு நெனச்சேன். வரல. அதுதான் எரிச்சலா இருக்கு. போய்ப் படிம்மா. இனிமே வராதே.”

சிட்டு இதை என்னிடம் சொல்லிவிட்டு, “மன்னிச்சுட்டாங்களாப்பா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “எனக்கும் அப்படித்தான் தோணுச்சு” என்றாள். பிறகு, “நீங்க அத்தைகிட்ட உண்மையிலேயே கேக்கலையா?” என்றாள்.

அக்கா, உனக்குத் தெரியும். தெரிந்தேதான் குழுவிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறாய். நானே இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

அன்று கண் பிரிவு வராந்தாவில் இவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். “உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்.” “கேக்க மாட்டேன். அவ பதவியை நம்ம வீட்டு வேலைக்கு உபயோகிக்க மாட்டேன்” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். சொல்லிவிட்டு மாடிப்படிக்குக் கீழே போய் உனக்குப் போன் போட்டேன். அன்றைக்கு மட்டும் ஐந்து தடவை. ஐந்து தடவையும், “சும்மாதான் பண்ணேன் அக்கா, நீ எப்படி இருக்கே” என்று ஆரம்பித்து, “நாப்பத்தொண்ணு, அக்கா. ஒரு வருஷம் ஆகுமாம்” என்று முடித்தேன். ஐந்தாவது தடவை நீ, “சரி, வை” என்றாய். அதற்குப் பிறகு நான் போன் போடவில்லை. ஒன்பதாம் நாள் கூப்பிட்டபோது, எப்படி என்று உன்னிடமும் கேட்கவில்லை, டாக்டரிடமும் கேட்கவில்லை. ரேடியோவில் செய்தி வந்த ஜனவரிக் காலையிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் அவ்வளவு சத்தமாக எழுதினேன்.

பாட்டுக்காரர் ஒருவர் போர்வைக்குள்ளிருந்து அரை டிகிரி எழுதியதற்காக நான் மேலிடத்துக்கு எழுதியவன். அவருடைய முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

குழுத் தலைவருக்கு நேற்று பதிவுத் தபாலில் ஒரு பக்கம் அனுப்பினேன். நகல் இத்துடன் இருக்கிறது. தேதியும் ஐந்து போன் போட்ட நேரங்களும் எழுதி, ‘என் சகோதரி சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காக. உதவி கேட்டது நான்தான்’ என்று முடித்திருக்கிறேன். எங்கள் இலாகாவிலிருந்து விளக்கம் கேட்டு வரலாம். வரட்டும், கொடுக்கிறேன். இவள் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தாள்.

அக்கா, உன்னிடம் எதையும் நேராகக் கேட்டே எனக்குப் பழக்கமில்லை. இப்போது கேட்கிறேன். சபை மூடியதும் அத்தானை அழைத்துக்கொண்டு இங்கே வா. பத்து நாள் இரு.

உன் தம்பி